நாலு மூட்டைக் கிலுகிலுப்பை

வைகாசித் திருவிழா முடிந்த மறுநாள் காலையில், தர்மன் நான்கு சாக்கு மூட்டைகளைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து தணிகாசலத்தின் கொட்டகை வாசலில் இறக்கினான். ஒவ்வொரு மூட்டையும் தரையில் விழும்போது கலகலவென்று சத்தம் போட்டது. பத்து நாளைக்கு முன்னால் இதே சத்தத்தோடு இங்கிருந்து புறப்பட்டுப் போன மூட்டைகள்தாம் அவை.

தணிகாசலம் மிஷின் பிடியை விட்டுவிட்டு வெளியே வந்தான்.

"இன்னா தர்மா, இவ்ளோ மிச்சமா?"

"மிச்சம் இல்லபா. வித்ததுல பாதிய ஜனங்க கொணாந்து மூஞ்சில வீசிட்டாங்க. மீதிய நானே விக்கல." தர்மன் தலைத்துண்டை அவிழ்த்துக் கழுத்தைத் துடைத்தான். காஞ்சிபுரத்துக் கோயில் திருவிழா ஒவ்வொன்றுக்கும் கடை விரிக்கிறவன் அவன். ஊதல், கண்ணாடி வளையல், பலூன், கிலுகிலுப்பை. குரல் எப்போதும் உரத்திருக்கும். அன்றைக்கு அடங்கியிருந்தது. "கருட சேவை அன்னிக்குக் காலையில ஒரு பொம்பள வந்தாங்க. இடுப்புல கொழந்த. வாங்கிக் குடுத்த கையோட அது ரெண்டு ஆட்டு ஆட்டுச்சு. கழுத்துல பட்டுனு ஒடஞ்சு பூடுச்சு. ஒடஞ்ச காம்ப எடுத்து வாயில வெச்சுக்கிச்சு. ஒதடு கிழிஞ்சு ஒரே ரத்தம். அப்புறம் நானே ஒண்ணொண்ணா எடுத்து வளச்சுப் பாத்தேன். பத்துக்கு எட்டு ஒடையுது."

கொட்டகைக்குள்ளிருந்து தணிகாசலத்தின் மனைவி பொன்னியம்மாள் கேட்டாள். "கொழந்தைக்கு இப்ப எப்பிடி இருக்குது?"

"ரெண்டு தையல் போட்டாங்களாம்மா. வாலாஜாபாத் ஜனங்க. பயப்பட ஒண்ணும் இல்லைன்னாங்க."

அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனபிறகு, தணிகாசலம் ஒரு மூட்டையின் வாயைப் பிரித்தான். சிவப்பு, மஞ்சள், பச்சை. எலுமிச்சம்பழ அளவில் உருண்டைத் தலை, அதற்குக் கீழே விரல் நீளக் காம்பு. ஒன்றை எடுத்துக் கழுத்தில் லேசாக வளைத்தான். முறிந்தது. முறிந்த இடத்தில் வெங்காயச் சருகு மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

தணிகாசலம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலுள்ள முசரவாக்கத்துக்காரன். குடும்பத்தில் இளையவன். அண்ணன் முனிசாமிக்கே போதாத நிலத்தில் இரண்டு குடும்பம் பிழைக்க முடியாது என்று இருபது வயதில் மெட்ராசுக்குப் போனான். வண்ணாரப்பேட்டையில் பிளாஸ்டிக் சாமான் செய்யும் ஒரு பட்டறையில் எட்டு வருஷம் இருந்தான். அந்தப் பட்டறை முதலாளி வியாபாரிகளிடம் பேசும்போது ஒரு சீப்பைத் தூக்கிக் காட்டிச் சொல்வார்: "மரத்தச் செல்லு தின்னும். தகரம் துருப்புடிக்கும். மண்ணு ஒடையும். இதுக்குச் சாவே கெடயாது." தணிகாசலத்துக்கு அந்தப் பேச்சு பிடித்துப் போயிருந்தது. எழுபதாம் வருஷம் ஒரு பழைய கைமிஷினையும் கிலுகிலுப்பை அச்சையும் வாங்கிக்கொண்டு காஞ்சிபுரம் திரும்பி, பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவுத் தெருவின் கோடியில் ஓட்டுக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தான்.

தெரு முழுக்கத் தறிச் சத்தம். அதற்கு நடுவில் இவன் மிஷினுக்குச் சத்தமே கிடையாது. மேலே சூட்டில் பிளாஸ்டிக் குருணை உருகும். இரண்டு கையாலும் பிடியைக் கீழே இழுத்து அழுத்தினால் அச்சுக்குள் இறங்கும். முப்பது எண்ணிவிட்டு அச்சைத் திறந்தால் அரைத் தலை ஒன்று வெதுவெதுப்பாக விழும். சித்திரை வெயிலில் அந்தக் கொட்டகைக்குள் நிற்பது அடுப்புக்குள் நிற்பது மாதிரி. பொன்னியம்மாள் சுவரோரம் உட்கார்ந்து, ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிரைப் பிளேடால் சீவி எடுப்பாள். பாலாற்று மணலைச் சலித்து எடுத்த பொடிக்கல் ஐந்தை உள்ளே போட்டு இரண்டு அரைத் தலைகளையும் ஒட்டுவாள். காதருகே ஆட்டிப் பார்ப்பாள். ஒரு நாளைக்கு முந்நூறு. அவர்கள் சோற்றிலும் குழம்பிலும்கூட அந்த உருகின வாடை இருக்கும். இரண்டு வருஷத்தில் இருவருக்கும் அது பழகிவிட்டது.

திருவிழா அவசரத்தில்தான் தப்பு நடந்தது. நல்ல குருணை கிடைக்கவில்லை. உடைந்த வாளி, சீப்பு, பாட்டில் மூடி எல்லாம் கலந்து நொறுக்கின சரக்கு ஒன்று மலிவாகக் கிடைத்தது. இரண்டு ஜாதிச் சரக்கு ஒன்றாக உருகுமே தவிர, ஒன்றோடு ஒன்று ஒட்டாது. அது அவனுக்குத் தெரியும். சாயம் சேர்த்தால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"திரும்ப உருக்கி ஊத்திடலாம்" என்றான்.

மூன்று நாள் முயன்று பார்த்தான். இரண்டாம் முறை உருகினபோது இன்னும் மோசமாக, பழுப்பேறி, பிஸ்கோத்து மாதிரி உதிர்ந்தது. நான்காம் நாள் மூட்டைகளை மறுபடி கட்டினார்கள்.

"இந்த ஓரத்துல கெடக்கட்டுமே. சோறா கேக்குது?" என்றாள் பொன்னியம்மாள்.

"நடக்க வழி இல்ல. படுக்க எடம் இல்ல. இத்தப் பாத்தாலே அந்தக் கொழந்த ஒதடுதான் ஞாபகம் வருது. கண்ணுல படாத எங்கனா போவணும்."

தெருவுக்கு வரும் குப்பை வண்டிக்காரரிடம் கேட்டான். அவர் ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்துவிட்டு மூட்டைக்குள்ளேயே போட்டார். "ஊர்க் குப்பை எல்லாம் எருவாப் போவுதுபா. குடியானவன் காசு குடுத்து வண்டி கட்டிக்கினு போறான். இத்தக் கலந்து உட்டா நெலத்துல நின்னு என்னியத்தான் திட்டுவான். வேணாம்."

அதற்கு அடுத்த நாள் விடிந்து சற்று நேரத்தில், கொட்டகைக்குப் பின்புறம் காலி மனையில் அரை மூட்டையைக் கொட்டி மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினான். எரிந்தது. ஆனால் விறகு எரிவது மாதிரி எரியவில்லை. சொட்டுச் சொட்டாக உருகி, ஒவ்வொரு சொட்டும் தனியாக எரிந்தது. புகை தார் மாதிரி கறுப்பாக எழுந்து மேலே போகாமல் மடங்கியது. அதிலிருந்து கறுப்பு ஒட்டடைகள் இழை இழையாகப் பிரிந்து காற்றில் மிதந்தன.

அந்த நேரத்தில் தெருவில் நெசவாளி குமாரவேலின் பாவு நீட்டியிருந்தது. கல்யாணச் சேலைக்கான பாவு. சந்தன நிறப் பட்டு இழைகள் தெருவின் பாதி நீளத்துக்குக் கழிகளில் இழுத்துக் கட்டப்பட்டு, கஞ்சி ஈரத்தோடு மினுங்கிக்கொண்டிருந்தன. குமாரவேலும் அவன் மனைவி கிருஷ்ணம்மாளும் பக்கத்து வீட்டார் நாலு பேரும் இரண்டு பக்கமும் நின்று அறுந்த இழைகளைப் பார்த்து முடிந்துகொண்டு வந்தார்கள். முதல் ஒட்டடை விழுந்தபோது கிருஷ்ணம்மாள் ஏதோ பூச்சி என்று நினைத்து விரலால் தட்டினாள். அது போகவில்லை. தொட்ட இடத்திலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு மை மாதிரி இழுபட்டது.

"தொடாத! யாரும் தொடாதீங்க!" என்று குமாரவேல் கத்தினான். அதற்குள் பாவு முழுக்க விழுந்துகொண்டிருந்தது.

தணிகாசலம் தெருவுக்கு ஓடி வந்தான். குமாரவேல் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. பாவின் தலைப்பில் நின்றுகொண்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மொதல்ல அத்த அணைச்சுட்டு வா தணிகாசலம். அப்புறம் பேசலாம்."

மண்ணை அள்ளிப் போட்டு அணைத்துவிட்டு வந்தான். அதற்குள் நான்கு பேர் கழிகளைத் தூக்கிப் பிடித்துப் பாவைச் சுருட்டாமல் அப்படியே வீட்டுப் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"தண்ணியில அலசினா போயிடாதாண்ணா?"

"எண்ணெப் பிசுக்கு மாதிரி இருக்குது. போவாது. வெட்டி எடுக்கற எழைய எடுத்துட்டு, மிச்சத்தக் கறுப்புச் சாயத்துல முக்க வேண்டியதுதான்." குமாரவேல் நிதானமாகத்தான் சொன்னான். "சந்தனக் கலர்ல பொண்ணு கேட்டுச்சாம். இனிமே வேற பாவு ஓட்டணும். இது இருக்கட்டும். பட்டுல பட்டதனால கண்ணுக்குத் தெரிஞ்சுது. நாங்க எல்லாரும் இத்த மூச்சுல இழுத்துக்கினுதானே நின்னோம்? அது எங்க போயி ஒட்டியிருக்குதோ."

கிருஷ்ணம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். துணியில் கறுப்பாக வந்தது. அதைப் பொன்னியம்மாளிடம் காட்டினாள்.

நஷ்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ப்பதாகத் தணிகாசலம் ஒப்புக்கொண்டான். இனி இந்தத் தெருவில் எதையும் எரிப்பதில்லை என்றும் சொன்னான்.

ஆடி மாதம் அண்ணன் முனிசாமி வேர்க்கடலை மூட்டையோடு வண்டி கட்டிக்கொண்டு சந்தைக்கு வந்தான். திரும்பும்போது வழக்கம்போலக் கொட்டகைக்கு வந்து தம்பியையும் தம்பி பெண்டாட்டியையும் பார்த்தான். மூலையில் மூன்றரை மூட்டை கிடந்தது. பொன்னியம்மாள் சொல்லி எல்லாக் கதையையும் கேட்டுக்கொண்டான்.

"இதுக்கா இவ்ளோ கவல? வண்டி காலியாத்தானே போவுது? ஏத்துடா. நம்ம கொல்லியில கீழ்மூலையில, வரப்புக்கு மண்ணு எடுத்த பள்ளம் சும்மாக் கெடக்குது. போட்டு மூடிடலாம்."

தணிகாசலம் தயங்கினான். "பயிர் வெக்கற கொல்லியிலயாண்ணா?"

"ஏன், இன்னா? மண்ணுல போட்டா எல்லாம் மக்கிப் பூடும். மாட்டு எலும்பே மக்குது. இது இன்னா, ரெண்டு மழைக்குத் தாங்குமா?"

அந்த இடத்தில் தணிகாசலம் வாயைத் திறந்திருக்க வேண்டும். அவனுக்குத் தெரியும். 'இதுக்குச் சாவே கெடயாது' என்று எட்டு வருஷம் தினமும் காதால் கேட்டவன். மெட்ராஸ் பட்டறைக்குப் பின்னால் சாக்கடையோரம், அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் கொட்டின கழிவு, அவன் வேலையை விட்ட நாளிலும் அதே நிறத்தில் கிடந்தது. ஆனால் அண்ணன் ஏற்கெனவே ஒரு மூட்டையைத் தோளில் தூக்கிவிட்டிருந்தான். தணிகாசலம் அடுத்த மூட்டையைத் தூக்கினான்.

முசரவாக்கத்தில் அன்று மத்தியானம் இருவரும் பள்ளத்தில் இறங்கி மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டினார்கள். சாக்கு வீணாகப் போக வேண்டாம் என்று முனிசாமிதான் அவிழ்க்கச் சொன்னான். இடுப்பு ஆழப் பள்ளம். மேலே ஒரு முழம் மண் விழுந்ததும் முனிசாமி அதன்மேல் ஏறி மிதித்தான். மண்ணுக்குள்ளிருந்து கிலுகிலு என்று சத்தம் வந்தது. அவன் சிரித்தான்.

"உள்ள இருந்துக்கினு பேசுது பாருடா!"

முனிசாமியின் மனைவி பூவம்மாள் கூழும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து, வரப்பில் உட்கார்ந்து இருவருக்கும் ஊற்றினாள். "நல்லாக் குடி தம்பி. டவுனுக்குப் போயி ஒடம்பு காஞ்சிட்டிருக்குது" என்றாள். தணிகாசலம் இரண்டு சொம்பு குடித்தான். சாயங்கால பஸ்ஸில் காலிச் சாக்குகளை மடித்து எடுத்துக்கொண்டு திரும்பினான். அன்று பொன்னியம்மாள் கொட்டகையைக் கழுவிவிட்டாள். இரண்டு பேரும் பல நாளைக்குப் பிறகு கால் நீட்டிப் படுத்தார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் விடாமல் பெய்தது. முசரவாக்கம் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் வாய்க்கால்களில் இறங்கியது. முனிசாமியின் நிலமும் அதையடுத்து அர்ஜுனன் முதலான மூன்று பேர் நிலமும் தாழ்வான பகுதி. அங்கே தேங்கும் தண்ணீர், வண்டிப்பாதைக்கு அடியில் போட்டிருந்த சிமெண்டுக் குழாய் வழியாகத்தான் அந்தப் பக்கத்துப் பெரிய வாய்க்காலுக்கு வடியும். எந்த மழைக்கும் ஒரே நாளில் வடிந்துவிடும். இந்த முறை வடியவில்லை. நட்டு ஒரு மாதமான சம்பாப் பயிர் மூன்றாம் நாளில் தண்ணீருக்குள் போனது. ஐந்தாம் நாள் காலை மழை விட்டபோது, நாலு பேர் நிலமும் ஏரியோடு ஏரியாகக் கிடந்தது.

"கொழாயில இன்னாவோ அடச்சிக்கினு இருக்குது. வெக்கப்புல்லாத்தான் இருக்கும்" என்றான் அர்ஜுனன்.

"நான் எறங்கிப் பாக்கறேன்" என்று முனிசாமி கோவணத்தைக் கட்டிக்கொண்டு இறங்கினான். குழாய் அவன் நிலத்தின் கீழ்மூலைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. மார்பளவு தண்ணீர். காலால் துழாவிக் குழாயின் வாயைக் கண்டுபிடித்து, குனிந்து கையை உள்ளே விட்டான். வைக்கோலும் சேறும் ஒரு கொத்து வந்தது. அதோடு வழவழப்பாக உருண்டையாக ஏதோ வந்தது. மேலே தூக்கிப் பார்த்தான். சிவப்புத் தலை. காம்பு இல்லை. கழுவின மாதிரி பளபளவென்று இருந்தது.

"இன்னாடா அது, பொம்மையா?" என்று கரையிலிருந்து அர்ஜுனன் கேட்டான்.

முனிசாமி பள்ளம் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். அங்கே மண் கரைந்து, தண்ணீருக்கு மேல் பத்திருபது தலைகள் மிதந்துகொண்டிருந்தன. உள்ளே காற்றுள்ள தலைகள். மண் இளகினதும் ஒவ்வொன்றாக மேலே கிளம்பி, தண்ணீர் போகிற பக்கமாகவே போய்க் குழாயில் புகுந்து, அங்கே இறுகியிருந்தன.

அவன் மறுபடி குனிந்தான். ஒன்று ஒன்றாக உருவிக் கரையில் எறிந்தான். மஞ்சள், பச்சை, சிவப்பு. நாற்பது, ஐம்பது வந்தபிறகு கை எட்டவில்லை. தோள்வரை உள்ளே விட்டான். தாடை தண்ணீரில் இருந்தது. அப்போது அடைப்பு சட்டென்று விட்டது. நாலு பேர் நிலத்துத் தண்ணீரும் ஒரே மூச்சில் குழாய்க்குள் பாய, அவன் கையையும் தோளையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. தோள் குழாய் வாயில் சிக்கி நின்றது. தலை தண்ணீருக்குள் போய்விட்டது.

அர்ஜுனன் குதித்தான். முனிசாமியின் முடியைப் பிடித்து முகத்தை மேலே தூக்கினான். இழுத்தால் வரவில்லை. "பாதைய வெட்டுங்கடா!" என்று கத்தினான். ஆட்கள் மண்வெட்டியோடு ஓடிவந்து வண்டிப்பாதையைக் குறுக்கே வெட்டினார்கள். பூவம்மாள் கையாலேயே மண்ணைத் தோண்டினாள். பாதை அறுந்து தண்ணீர் அந்தப் பக்கமாகத் திரும்பினபிறகுதான் குழாயின் இழுப்பு விட்டது. அதற்கு அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணி நேரமும் அர்ஜுனன் தலையை விடவில்லை. முனிசாமியை வெளியே எடுத்தபோது வலது கை, திருப்பி வைத்த மாதிரி தொங்கியது.

கட்டில் ஒன்றில் வைத்து மெயின் ரோடு வரை தூக்கி வந்து, அங்கே வந்த லாரியில் ஏற்றிக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள்.

தணிகாசலமும் பொன்னியம்மாளும் மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பூவம்மாள் ஈரச் சேலையோடு கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். நகங்களில் மண் இருந்தது. தோள் எலும்பைச் சேர்த்துக் கட்டிவிட்டார்கள் என்றும், நரம்பு போயிருப்பதால் கை பழையபடி வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றும் டாக்டர் சொன்னதாகச் சொன்னாள். என்ன அடைத்திருந்தது என்று அவள் சொல்லவில்லை. தணிகாசலமும் கேட்கவில்லை.

மறுநாள் காலை முனிசாமி கண் விழித்துத் தெளிவாகப் பேசினான். பொன்னியம்மாள் கொண்டுவந்த கஞ்சியை நாலு வாய் குடித்தபிறகு தம்பியைக் கூப்பிட்டான்.

"தணிகா."

"அண்ணா."

"கொழாயில இருந்தது நாம பொதச்சதுதான்."

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டான்.

"எல்லாம் அப்பிடியே இருக்குதுடா. நேத்து கடையில வாங்கின மாதிரி. ஒண்ணுகூட நெறம் மாறல." மூச்சு வாங்கிக்கொண்டான். "அன்னிக்கு நான் மக்கிப் பூடும்னு சொன்னேன் இல்ல? மக்காதுன்னு ஒனக்கு அப்பவே தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அண்ணன் நம்பியிருப்பான். உலகத்தில் யாருக்குமே அதுபற்றித் தெரியாது என்று சொன்னால்கூட நம்பியிருப்பான். பொன்னியம்மாள் கஞ்சிப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கணவனையே பார்த்தாள்.

"தெரியும்ணா" என்றான் தணிகாசலம்.

முனிசாமி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

பூவம்மாள்தான் பேசினாள். சத்தம் போடவில்லை. "தெரிஞ்சும் வாயத் தொறக்கலியா தம்பி? நான் பக்கத்துல ஒக்காந்துக்கினு கூழு ஊத்தினேனே. ஒரு வார்த்த, அண்ணி, இது இந்த மாதிரின்னு எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கணும் அண்ணி."

"இனிமே சொல்லி?"

பதினெட்டு நாள் கழித்து முனிசாமியை ஊருக்கு அழைத்துப் போனார்கள். வலது கை இடுப்புக்கு மேல் எழவில்லை. விரல்கள் மடங்கின, ஆனால் எதையும் பிடிக்கவில்லை. நாலு பேர் நிலத்திலும் பயிர் அழுகி நாறிக்கொண்டிருந்தது. தணிகாசலம் நேராக அர்ஜுனன் வீட்டுக்குப் போனான். மற்ற இரண்டு பேரும் அங்கே வந்தார்கள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். மிஷினை விற்று நாற்றுக்கும் நடவுக்கும் கொடுத்துவிடுகிறேன் என்றான்.

அர்ஜுனன் கேட்டுக்கொண்டே கொல்லைப் பக்கம் போய், ஒரு கூடையைக் கொண்டுவந்து அவன் முன்னால் கவிழ்த்தான். ஐம்பது அறுபது தலைகளும் காம்புகளும் உருண்டு ஓடின.

"மிஷின வித்துட்டு நீ இன்னாத்தத் தின்னுவ? தை மாசம் நவரைப் பட்டத்துக்கு வேற நாத்து உட்டுக்கலாம். அது இல்ல பேச்சு. ஏரு ஓட்டறப்ப இது மாட்டுக் கொளம்புல குத்தும். காம்பு ஒடஞ்ச எடம் ஊசி மாதிரி இருக்குது. நடவுக்கு எறங்கற பொம்பளைங்க காலு இன்னா ஆவும்? நெலம் பூரா பூந்துக்கினு இருக்குதே, இத்த யாரு எடுக்கறது?"

"நான் எடுக்கறேன்ணா" என்றான் தணிகாசலம்.

"எத்தினி நாளு?"

"இருக்கற வரிக்கும்."

மார்கழியிலிருந்து அவன் வாரத்தில் நான்கு நாள் முசரவாக்கத்தில் இருந்தான். முதல் பஸ்ஸில் வருவான். அண்ணன் மாடுகளைப் பூட்டி அண்ணன் நிலத்தை உழுவான். உழுத சாலிலேயே திரும்பி நடந்து, குனிந்து, மண்கட்டிகளை உடைத்து, அகப்பட்டதை மடியில் கட்டிக்கொள்வான். பிறகு மற்ற மூன்று பேர் நிலம். வாய்க்கால் வண்டலைக் கூடையால் வாரி அலசுவான். காலிலும் கையிலும் கீறல் ஆறாமல் இருந்தது. எடுத்ததையெல்லாம் சாக்கில் கட்டி, பஸ்ஸில் தன்னோடேயே கொண்டுபோய்க் கொட்டகையில் வைத்தான். கண்டக்டர்கள் முதலில் கேட்டார்கள், பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள்.

மிஷினைப் பொன்னியம்மாள் ஓட்டினாள். கலந்த சரக்கு வேண்டாம் என்று வியாபாரியைத் திருப்பி அனுப்பினாள். நொறுக்கின சரக்கு எது வந்தாலும் ஒரு அண்டாத் தண்ணீரில் கொட்டி, மிதப்பதைத் தனியாகவும் மூழ்குவதைத் தனியாகவும் பிரித்தாள். கீழே விழும் பிசிரைத் துடைப்பத்தால் கூட்டி மறுபடி மிஷினில் போட்டாள். சீவினது எதுவும் வாசல்படியைத் தாண்டவில்லை. அச்சிலிருந்து விழும் ஒவ்வொரு கழுத்தையும் வளைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டினாள். முந்நூறு போட்ட இடத்தில் நூற்றிருபதுதான் முடிந்தது. தோள் வலிக்கு இரவில் எண்ணெய் தேய்த்துக்கொண்டாள்.

"நிறுத்திடலாமா?" என்று ஒரு நாள் கணவன் கேட்டான்.

"நிறுத்திட்டு? கொட்டகைய உட்டுட்டா, மூலையில இருக்கற மூட்டைய யாரு காவல் காக்கறது?" என்றாள் அவள்.

அந்த மாதங்களில் முனிசாமி தினமும் நிலத்துக்கு வந்து, வேலியோரம் இருந்த புங்க மர நிழலில் உட்காருவான். தம்பி உழுவதைப் பார்ப்பான். சால் கோணினால் நாக்கைத் தட்டுவான். ஆனால் பேசவில்லை. பூவம்மாள் மத்தியானச் சாப்பாட்டை வரப்பில் வைத்துவிட்டு, இவன் எடுத்துக்கொள்ளும் வரை நிற்காமல் போய்விடுவாள். முனிசாமிக்கு அவள்தான் ஊட்டிவிட வேண்டியிருந்தது. இடது கையால் சாப்பிட அவன் மனம் ஒப்பவில்லை. யாராவது பார்க்கும்போது ஊட்டினால் வாயை மூடிக்கொள்வான்.

தை பிறந்து நவரை நடவு நடந்தது. நடுவதற்கு முன்னால் அர்ஜுனனே ஒரு தரம் இறங்கி, வெறுங்காலோடு நிலத்தின் குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்துவிட்டுத்தான் பெண்களை இறங்கச் சொன்னான். ஒருத்திக்கும் குத்தவில்லை. தணிகாசலம் வாய்க்காலோரம் நின்று கடைசி வரிசை முடியும்வரை அவர்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாசியில் ஒரு நாள். பூவம்மாள் களை எடுக்க அர்ஜுனன் நிலத்துக்குப் போயிருந்தாள். நிழலில் முனிசாமி பக்கத்தில் கூழ்ச்சட்டியை வைத்துவிட்டு, சீக்கிரம் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனவள் வரவில்லை. வெயில் உச்சிக்கு வந்தது. தணிகாசலம் வாய்க்காலில் முழங்கால் சேற்றில் நின்று கூடையை அலசிக்கொண்டிருந்தான்.

"தணிகா."

நான்கு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரலில் தன் பெயரைக் கேட்டதும் கூடையை நழுவவிட்டான்.

"இது கட்டி கட்டியா இருக்குது. வந்து கரச்சுக் குடு."

தணிகாசலம் கரையேறி வந்தான். குடத்துத் தண்ணீரில் முழங்கை வரை கழுவிக்கொண்டான். சட்டிக்குள் கையை விட்டுக் கட்டிகளை நசுக்கி, உப்புப் போட்டு, மோர் ஊற்றிக் கரைத்தான். சொம்பில் ஊற்றி அண்ணன் வாயருகே பிடித்தான். முனிசாமி மூடிக்கொள்ளாமல் குடித்தான். தாடையில் வழிந்ததைத் தணிகாசலம் துண்டால் துடைத்தான்.

"இன்னிக்கு எத்தினி ஆப்டுது?"

"ஒம்போதுண்ணா."

"மொத்தமா?"

"மூணாவது மூட்ட பாதிகூட வரல."

"பொதச்சது மூணரை. மிச்சம் எங்க?"

"இந்த மண்ணுக்குள்ள கொஞ்சம் இருக்குது. பாதைய வெட்டினப்போ தண்ணியோட கொஞ்சம் போயிருக்கும். பெரிய வாய்க்காலு, அதுக்கு அப்பால ஆறு. அது எனுக்குத் தெரியல."

முனிசாமி நட்ட பயிரைப் பார்த்தான். பச்சை பிடித்திருந்தது. "போனதெல்லாம் எப்பனா அழிஞ்சு பூடுமா?"

ஆமாம் என்று சொன்னால் அண்ணனுக்கு அந்த மத்தியானம் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அழியாதுண்ணா. நம்ம காலத்துல இல்ல. நமக்கு அப்புறம் வர்ற புள்ளைங்க மண்ணக் கிளறினாலும் இதே செவப்பாத்தான் வரும்."

முனிசாமி நல்ல கையால் சொம்பை வாங்கிக் கீழே கவிழ்த்து வைத்தான்.

"வெயில் சாயறதுக்குள்ள தெக்கு ஓரத்தப் பாத்துடு. அங்க ஆழமா ஒக்காந்திருக்கும். மம்முட்டிய எடுத்துக்கினு போ."

தணிகாசலம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தெற்கு ஓரத்துக்கு நடந்தான். அவன் குனிந்து வெட்ட ஆரம்பித்ததும் முனிசாமி நிழலை விட்டு எழுந்து, வரப்பின்மேல் மெல்ல நடந்து போய், அவன் வெட்டிப் போட்ட மண்ணைக் காலால் கலைத்துத் தேடத் தொடங்கினான்.